தென்னைச் சர்க்கரை யாருக்கு இனிக்கிறது?

மதுரைப் பட்டணத்தின் பெரிய கடைகளில், கண்ணாடி அலமாரிக்குள் பழுப்பு நிறத்தில் ஒரு சரக்கு வந்து உட்கார்ந்திருக்கிறது. பெயர் தென்னைச் சர்க்கரை. பக்கத்தில் சின்னப் புட்டியில் தேனைப் போல் மினுங்குவது தென்னம்பாகு. இரண்டும் தென்னம்பாளையில் வடியும் பதநீரைக் காய்ச்சி எடுத்தவை. சர்க்கார் காகிதங்களில் 'நீரா' என்று எழுதுகிறார்களே, அந்தப் பதநீர்தான். வெள்ளைச் சர்க்கரையைவிடப் பல மடங்கு விலை. பொட்டலத்தின் மேல் விளம்பரமோ வானத்தைத் தொடுகிறது. இயற்கையானதாம், சத்து நிறைந்ததாம், சர்க்கரை வியாதிக்காரர்களும் பயமில்லாமல் சாப்பிடலாமாம்!

கீழமாசி வீதி மண்டிகளில் மூட்டை தூக்குகிறவர்களும், மில்லில் நூல் ஓட்டுகிறவர்களும், சோழவந்தான் வயலில் நாற்று நடுகிறவர்களும் நம்மைக் கேட்கிறார்கள்: "தோழர், இது மெய்தானா? வீட்டில் சர்க்கரை வியாதி இருக்கிறது. கடன்பட்டாவது வாங்கலாமா?"

வாங்க வேண்டாம் என்பதே நமது பதில். அதோடு விஷயம் முடிந்துவிடவில்லை. இந்தப் பொட்டலத்துக்குள் இரண்டு மோசடிகள் கட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. ஒன்று, வாங்கிச் சாப்பிடுகிறவனுக்குச் செய்வது. மற்றொன்று, மரமேறி இறக்குகிறவனுக்குச் செய்வது. முதல் மோசடியைப் பற்றிப் பத்திரிகைகளில் டாக்டர்கள் எப்போதாவது எழுதுகிறார்கள். இரண்டாவது மோசடியைப் பற்றி நாம்தான் பேசியாக வேண்டும்.

மருந்தா, சர்க்கரையா?

முதலில் சாப்பிடுகிறவனின் கணக்கைப் பார்ப்போம். தென்னைச் சர்க்கரையில் நூற்றுக்கு 70 முதல் 80 பங்கு வரை இருப்பது சுக்ரோஸ். கரும்பிலிருந்து வரும் வெள்ளைச் சர்க்கரை முழுவதும் எந்தப் பொருளோ, அதே பொருள். மிச்சத்தில் பெரும்பகுதி குளுக்கோசும் ஃபிரக்டோசும். அவையும் சர்க்கரைகளே. உடம்புக்குக் கிடைக்கும் கலோரி இரண்டிலும் ஏறத்தாழச் சமம்.

'இரத்தத்தில் மெதுவாக ஏறும்' என்று ஒரு பிரசாரம் நடக்கிறதே, அது எங்கிருந்து வந்தது? உணவு எவ்வளவு வேகமாக இரத்தச் சர்க்கரையை ஏற்றுகிறது என்பதை அளக்க ஓர் அளவுகோல் உண்டு. குளுக்கோசுக்கு 100 என்று வைத்துக்கொண்டு மற்றவற்றை அளப்பார்கள். பிலிப்பைன்ஸ் சர்க்காரின் உணவு ஆராய்ச்சி நிறுவனம் பத்துப் பேரை வைத்துப் பரீட்சித்து, தென்னைச் சர்க்கரைக்கு 35 என்று சொன்னது. சிட்னி பல்கலைக்கழகத்தில் அளந்தபோது 54 வந்தது. வெள்ளைச் சர்க்கரைக்குச் சுமார் 65. வியாபாரி எந்த எண்ணைப் பொறுக்கி எடுத்துப் பொட்டலத்தில் அச்சடிப்பான்? 35ஐத்தான்! தென்னைச் சர்க்கரையை ஏற்றுமதி செய்யும் நாட்டில், பத்தே பேரிடம் எடுத்த கணக்கு, உலகம் முழுவதும் வேதவாக்காகிவிட்டது.

தாது உப்புகள் இருக்கின்றனவே என்பார்கள். இருக்கின்றன, பொட்டாசியம் உண்டு, கொஞ்சம் இரும்பும் துத்தநாகமும் உண்டு. டீயில் போடும் ஒரு கரண்டியில் அவை எவ்வளவு வரும்? வேலியோரத்து முருங்கைக் கீரையை ஒரு கைப்பிடி உருவிச் சமைத்தால் அதைவிட எத்தனையோ பங்கு கிடைக்கும், அதுவும் காசில்லாமல்! உலக சுகாதார நிறுவனம் 2015இல் கொடுத்த வழிகாட்டுதல், சேர்க்கப்படும் சர்க்கரையிலிருந்து வரும் சக்தி மொத்தத்தில் நூற்றுக்குப் பத்துக்கும் கீழே இருக்க வேண்டும் என்கிறது. தேனும் பாகும்கூட அந்தக் கணக்கில் அடக்கம். தென்னைக்குத் தனிச் சலுகை எதுவும் அதில் இல்லை.

இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை வியாதி இருக்கிறது என்று 2023இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு மதிப்பிட்டது. இரவு ஷிப்டில் நின்று உழைக்கிறவனும், வெறும் சோற்றை மட்டும் தின்று வயிற்றை நிரப்புகிறவளும் அந்தப் பத்துக் கோடியில் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது சர்க்கார் ஆஸ்பத்திரியில் தட்டாமல் கிடைக்கும் மாத்திரை, நேரத்துக்குச் சாப்பாடு, சோற்றோடு பருப்பும் காய்கறியும். இவற்றைக் கொடுக்காமல், "விலை உயர்ந்த சர்க்கரைக்கு மாறிக்கொள்" என்று புத்தி சொல்வது, கூரை ஒழுகுகிறவனுக்குப் பட்டுக்குடை விற்கிற கதை.

இதில் மற்றொரு வேடிக்கையையும் மறந்துவிடக் கூடாது. தமிழ்நாட்டில் தென்னை நீராவுக்குச் சட்டத்தில் இடம் கொடுத்த வருஷம் 2017. அதே 2017 நவம்பரில்தான் ரேஷன் கடைச் சர்க்கரை விலையைக் கிலோ 13 ரூபாய் 50 காசிலிருந்து 25 ரூபாயாக உயர்த்தினார்கள். பணக்காரன் நாவுக்குப் புதிய இனிப்பு. ஏழையின் டீத்தண்ணீருக்கு விலையேற்றம்!

ஒரு கிலோவுக்கு எத்தனை அடி?

சரி, அவ்வளவு விலை எதற்காக? 'இயற்கை' என்பதற்காகவா? இயற்கை யாரிடமும் காசு கேட்பதில்லை. விலைக்குக் காரணம் உழைப்பு. அந்த உழைப்பைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

விரியாத பாளையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். அது வெடித்துவிடாமல் சுற்றிக் கட்ட வேண்டும். பல நாள் பக்குவமாகத் தட்டிக் கொடுக்க வேண்டும். அதன் பிறகே நுனியைச் சீவினால் நீர் வடியும். பிறகு தினமும் காலையும் மாலையும் மரமேறி, மெல்லிய துண்டாகப் பாளையைச் சீவி, கலயத்தை மாற்ற வேண்டும். ஒரு நாள் ஏறாவிட்டால் வடிப்பு கெடும். பொங்கலும் கிடையாது, சித்திரைத் திருவிழாவும் கிடையாது. மழையில் மரம் வழுக்கினாலும் ஏறித்தான் ஆக வேண்டும். இறக்கிய நீர் சில மணி நேரத்தில் புளித்துவிடும். அதற்குள் அடுப்பில் ஏற்றிக் காய்ச்சியாக வேண்டும். அங்கே நின்று வேகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள்.

ஒரு மரம் நாளொன்றுக்குச் சுமார் இரண்டு லிட்டர் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ சர்க்கரைக்கு ஏழெட்டு லிட்டர் நீர் வேண்டும். பத்து மரம், மரத்துக்கு 40 அடி, நாளுக்கு இரண்டு தடவை என்றால், ஏறுவது மட்டும் 800 அடி. அதே 800 அடி இறங்கவும் வேண்டும். கிடைப்பது இரண்டரைக் கிலோ சர்க்கரை. மீனாட்சியம்மன் கோயிலின் தெற்குக் கோபுரம் சுமார் 170 அடி. ஒரு கிலோ தென்னைச் சர்க்கரைக்காக ஒரு மனிதன் ஏறக்குறைய இரண்டு முறை அந்தக் கோபுர உயரத்துக்கு ஏறி இறங்குகிறான். படிக்கட்டு கிடையாது, காலில் தளை, இடுப்பில் அரிவாள், கையில் கலயம்.

கண்ணாடி அலமாரிப் பொட்டலத்தில் இந்த 320 அடியைப் பற்றி ஒரு வரி உண்டா? பச்சைத் தோப்பின் படம் இருக்கிறது. மரத்தின் உச்சியில் ஆளைக் காணோம்! தோப்புச் சொந்தக்காரன், கம்பெனி, பொட்டலம் கட்டுகிறவன், மொத்த வியாபாரி, கடைக்காரன் என்று ஒவ்வொருவரும் தம் பங்கைக் கழித்துக்கொண்ட பிறகு, மிச்சம் ஏதாவது இருந்தால் அதுதான் மரமேறிக்கு. தவறி விழுந்தால் முதுகெலும்பு முறியும். அப்போது 'இயற்கை உணவு' வியாபாரி எவனும் பெரியாஸ்பத்திரி வாசலுக்கு வருவதில்லை.

இது நம் ஊரின் தலையெழுத்து மட்டுமல்ல. உலகச் சந்தைக்குத் தென்னைச் சர்க்கரையை அனுப்பும் முன்னணி நாடு இந்தோனேசியா. அங்கே மத்திய ஜாவாவின் பன்யுமாஸ் பகுதியில் மரமேறிகள் விழுந்து சாவதும் முடமாவதும் வாடிக்கையாகிப் போனது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் காப்பியில் கரைவது இவர்களுடைய எலும்பின் விலை.

சட்டத்தின் கதை

இனிச் சட்டத்துக்கு வருவோம். சென்னை மாகாண மதுவிலக்குச் சட்டம் 1937இல் வந்தது. முதலில் சேலம் ஜில்லாவில் அமுலாயிற்று. 1948இல் மாகாணம் முழுவதற்கும் பரவியது. கள் இறக்கிப் பிழைத்த ஆயிரக்கணக்கான குடும்பங்களின் அடுப்பு அணைந்தது. மாற்றாக வெல்லக் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்தார்கள். பதநீர் இறக்கிக் கருப்பட்டி காய்ச்சு என்றார்கள். 1971இல் கள்ளுக்கடையும் சாராயக்கடையும் திறந்தன, 1974க்குள் மூடின, 1981இல் மீண்டும் திறந்தன, 1987 ஜனவரி 1 முதல் கள் மறுபடியும் தடையாயிற்று. கோட்டையில் ஆள் மாறினால் கொள்கை மாறும். மரத்தடியில் நின்ற மரமேறிக்கோ ஒவ்வொரு தடவையும் அடி.

சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறங்கும் பனம் பதநீரையாவது கள்ளிலிருந்து பிரித்துப் பார்த்தார்கள். தென்னைக்கு 2017 வரை கதவு அடைத்தே கிடந்தது. அந்த வருஷம் சட்டத்தைத் திருத்தினார்கள். விவசாயியின் வருமானம் பெருகும் என்று முரசு அறைந்தார்கள். முரசொலி ஓய்ந்த பிறகு விதிகளைப் படித்துப் பார்த்தால், தென்னை வளர்ச்சி வாரியத்தில் பதிவான உற்பத்தியாளர் இணையங்களுக்கும் கம்பெனிகளுக்கும்தான் லைசென்ஸ்! பத்து மரம் வைத்திருக்கும் சோழவந்தான் விவசாயி தன் மரத்தில் தானே இறக்க முடியாது. மரத்தைக் குத்தகைக்குப் பிடித்துப் பிழைக்கும் கூலித் தொழிலாளி கிட்டவே போக முடியாது. அவன் கலயத்தைக் கட்டினால் கள் வழக்கு. கம்பெனி கட்டினால் கிராமப் பொருளாதார அபிவிருத்தி!

கேரளத்தில் 2014இல் இதே போல் நீராவுக்கு விதி வகுத்தார்கள். கம்பெனிகள் புறப்பட்டன. பின்னர் அவற்றில் பல கடனிலும் நஷ்டத்திலும் சிக்கின. ஆனால் அங்கே ஒரு விஷயம் வேறு. 1969லேயே கள்ளுத் தொழிலாளர் நலநிதிச் சட்டம் வந்தது. மரமேறும் தொழிலாளிக்குச் சேமநிதி உண்டு, பணிக்கொடை உண்டு என்று சட்டத்திலேயே எழுதினார்கள். தானாக வந்ததா அது? சங்கம் கட்டி, கொடி பிடித்து, வேலைநிறுத்தம் செய்து பெற்றது. மரமேறியும் தொழிலாளியே என்று ஒப்புக்கொள்ள வைத்தார்கள். இங்கே நாம் இன்னும் அந்த முதல் படியைத் தாண்டவில்லை.

கள்ளுக்கு வக்காலத்தா?

"நீராவைத் திறந்துவிட்டால் அது கள்ளாகிவிடும்" என்று அதிகாரிகள் கையை விரிக்கிறார்கள். குடியால் சீரழிந்த வீடு எப்படியிருக்கும் என்பது நம் பெண்களுக்குத் தெரியும். கூலி நாளன்று வெறுங்கையோடு வரும் புருஷனைப் பார்த்து அவர்கள் கொள்ளும் கோபம் நியாயமானது. அந்தக் கோபத்தை நாம் அலட்சியம் செய்ய மாட்டோம். இங்கே நாம் கேட்பது கள்ளுக்கடை அல்ல. புளிக்காத பதநீரை இறக்கவும், காய்ச்சவும், விற்கவும் உழைப்பவனுக்கு உரிமை.

புளிக்காமல் காக்க வழியில்லையா? பாட்டன் காலத்திலிருந்து சுண்ணாம்பு இருக்கிறது. காசரகோட்டில் உள்ள மத்திய தோட்டப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம், பனிக்கட்டி வைத்த சிறு பெட்டியைப் பாளையில் கட்டிச் சுத்தமான நீரை இறக்கும் முறையைக் கண்டுபிடித்து, அதற்குக் 'கல்பரசம்' என்று பெயரும் வைத்தது. விஞ்ஞானம் வழி காட்டிவிட்டது. அந்தப் பெட்டியைக் கம்பெனியிடம் மட்டும் கொடுக்காமல், மரமேறிகளின் கூட்டுறவுச் சங்கத்திடமும் கொடுக்க எது தடுக்கிறது?

குடியைப் பற்றிய இந்தக் கவலையை யார் படுகிறார்கள் என்பதையும் பாருங்கள். டாஸ்மாக்கை 1983இல் ஆரம்பித்து, 2003இல் சில்லறை விற்பனையையும் தன் கையில் எடுத்துக்கொண்ட சர்க்கார்! 2022-23ஆம் ஆண்டில் மட்டும் அதிலிருந்து 44,000 கோடி ரூபாய்க்கு மேல் வருமானம் பார்த்த சர்க்கார்! ஆலை முதலாளியின் பிராந்திப் புட்டிக்குச் சர்க்காரே கடை வைக்கும். மரமேறியின் கலயத்தை மட்டும் போலீஸ்காரர் முகர்ந்து பார்ப்பார். என்ன நியாயம் இது?

குமரப்பா சொன்னதும் விட்டதும்

நமது ஜில்லாவுக்கும் இந்த விவகாரத்துக்கும் பழைய சம்பந்தம் உண்டு. திருமங்கலத்தைத் தாண்டி, ராஜபாளையம் போகும் சாலையில் இருக்கிறது டி. கல்லுப்பட்டி. அங்குள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்தில்தான் ஜே. சி. குமரப்பா தமது கடைசிக் காலத்தைக் கழித்தார். 1934இல் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் தோன்றியபோது அதை முன்னின்று நடத்தியவர். அமெரிக்காவில் பொருளாதாரம் படித்தவர். 1950களின் துவக்கத்தில் சீனாவுக்கும் சோவியத் யூனியனுக்கும் போய்வந்து, கண்டதை மனம் திறந்து பாராட்டியவர். 1960 ஜனவரி 30இல் காலமானார்.

பனைவெல்லத்தின் பக்கம் அவர் நின்றதற்கு ஒரு கணக்கு உண்டு. நெல் விளையும் நல்ல நிலத்தையும் ஏராளமான நீரையும் கரும்பு விழுங்குகிறது. பனையோ கரம்பிலும் மேட்டிலும் தானாக நிற்கிறது. இனிப்பை மரத்திலிருந்து எடுத்தால் நிலம் சோற்றுக்கு மிஞ்சும். ஆலைக்குப் பதிலாகக் கிராமத்தில் ஆயிரம் கைகளுக்கு வேலை வரும். இந்தக் கணக்கை நாம் மதிக்கிறோம். இதில் எங்கும் 'சர்க்கரை வியாதிக்கு மருந்து' என்ற பித்தலாட்டம் இல்லை. கண்ணாடி அலமாரியும் இல்லை.

ஆனால் குமரப்பாவின் வழியில் போனவர்கள் ஒரு கேள்வியை விட்டுவிட்டார்கள். மரம் யாருடையது? சந்தை யார் கையில்? குத்தகையும் முன்பணமும் கந்துவட்டியும் அப்படியே இருக்க, அடுப்பை மட்டும் கிராமத்தில் மூட்டினால் புகை தொழிலாளிக்கு, பாகு வியாபாரிக்கு. உடன்குடிக் கருப்பட்டிக்கும் சாயல்குடிக் கருப்பட்டிக்கும் பெயர் போகாத ஊர் இல்லை. அந்தப் பனையேறிகள் மாடி வீடு கட்டினார்களா? பிள்ளைகளுக்கு அரிவாளைக் கொடுக்க மனமில்லாமல் தொழிலை விட்டு ஓடுகிறார்கள். போதாக்குறைக்குக் கருப்பட்டியில் சீனியைக் கலந்து விற்பது ஊரறிந்த விஷயம். கலப்படக்காரன் ஒரே கல்லில் உழைத்தவனையும் வாங்குகிறவனையும் அடிக்கிறான்.

கரும்பு விவசாயி நமக்கு எதிரியா?

விளம்பரக்காரர்கள் மற்றொரு விஷமத்தையும் செய்கிறார்கள். கரும்புச் சர்க்கரை விஷம், தென்னைச் சர்க்கரை அமிர்தம் என்று பாட்டாளி மக்களுக்குள்ளேயே கோடு கிழிக்கிறார்கள். கரும்பு வெட்டுகிறவன் யார்? மேலூரிலும் வாடிப்பட்டியிலும் நம்மோடு வயலில் நிற்கிறவன்தானே! அலங்காநல்லூர் தேசியக் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையில் 2019க்குப் பின் அரவை நின்றது. கரும்பு போட்டவர்களும் ஆலைத் தொழிலாளர்களும் வெட்டுக் கூலிகளும் ஒருசேர நடுத்தெருவுக்கு வந்தார்கள். ஆலையைத் திறக்கச் சொல்லி விவசாயிகள் திரும்பத் திரும்பப் போராடினார்கள். தங்களுடைய கூட்டுறவு ஆலையையே காப்பாற்றாத சர்க்கார், தென்னங்கம்பெனிகள் மூலம் விவசாயியைக் கரை சேர்க்கும் என்றால் எப்படி நம்புவது?

கரும்பின் மக்களும் பனையின் மக்களும் தென்னையின் மக்களும் ஒரே கட்சி. எதிர்க்கட்சியில் இருப்பவன், எந்த இனிப்பானாலும் அதன் லாபத்தை மட்டும் உறிஞ்சுகிறவன்.

நாம் கேட்பது

ஆகவே நாம் கேட்பது இது:

1. பதநீரும் தென்னை நீராவும் இறக்கும் உரிமை, கம்பெனிகளுக்கு மட்டுமின்றி, சிறு விவசாயிக்கும் மரமேறிகளின் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் வேண்டும். புளிக்காத பதநீருக்காகக் கள் வழக்குப் போடுவது நிற்க வேண்டும்.

2. நீரா லைசென்ஸ் வாங்கும் ஒவ்வொரு கம்பெனியும், மரமேறிக்கும் காய்ச்சும் பெண்களுக்கும் கொடுக்கும் கூலியை எல்லோருக்கும் தெரியும்படி எழுதி ஒட்ட வேண்டும். குறைந்தபட்சக் கூலி நிர்ணயம் செய்ய வேண்டும்.

3. கேரளத்தைப் போல மரமேறும் தொழிலாளிக்குச் சேமநிதியும் பணிக்கொடையும் சட்டத்தின் மூலம் வேண்டும். விழுந்தவன் குடும்பம் பிச்சைக்குப் போகக் கூடாது.

4. வியாதியைக் குணப்படுத்தும் என்ற தோரணையில் சர்க்கரையை விற்கும் விளம்பரங்களையும், கருப்பட்டிக் கலப்படத்தையும் உணவுப் பாதுகாப்புத் துறை தடுக்க வேண்டும்.

5. ரேஷன் கடையில் சர்க்கரையோடு, கூட்டுறவுச் சங்கங்களிடம் நேரடியாகக் கொள்முதல் செய்த கருப்பட்டியும் நியாய விலைக்குக் கிடைக்க வேண்டும்.

இவை கிடைக்கும் வரை கைகட்டி இருக்க வேண்டியதில்லை. இன்றே செய்யக்கூடிய காரியங்கள் உண்டு. தென்னை ஏறுகிறவர்களுக்கும் நீரா இறக்குகிறவர்களுக்கும் தென்னை வளர்ச்சி வாரியத்தில் 'கேர சுரக்ஷா' என்ற விபத்துக் காப்பீடு இருக்கிறது. வாரியம் மானியமும் தருகிறது. நம் ஊர்களில் எத்தனை பேர் அதில் பெயர் பதிந்திருக்கிறார்கள்? விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளைகள் தங்கள் ஊரில் மரமேறுகிறவர்களின் பட்டியலை எடுக்கட்டும். படிக்கத் தெரிந்த தோழர் ஒருவர் உட்கார்ந்து மனுவை எழுதிக் கொடுக்கட்டும். மரமேறிகளைச் சங்கத்தில் சேருங்கள். 'அவன் சாதித் தொழில், நமக்கென்ன' என்று ஒதுங்குகிறவனிடம் வாதாடுங்கள். மில் கேட்டில் நடக்கும் கூட்டத்திலும் இதைப் பேசுங்கள். மில் தொழிலாளியின் தகப்பனும் மாமனும் இன்றும் மரத்தில்தான் இருக்கிறார்கள்.

வீட்டில் சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. எந்தச் சர்க்கரையானாலும் குறையுங்கள். டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தாதீர்கள். பொட்டலத்தை நம்பிக் கடன் வாங்காதீர்கள். கோடை வெயிலில் ரோட்டோரத்தில் பதநீர் விற்கிறவரிடம், வியாதி இல்லாதவர்கள் தாராளமாக ஒரு பட்டை வாங்கிக் குடியுங்கள். குடித்துவிட்டு அவரிடம் கேளுங்கள்: மரம் யாருடையது, குத்தகை எவ்வளவு, சங்கத்தில் இருக்கிறீர்களா என்று. இல்லை என்று சொன்னால், நம் வேலை அங்கிருந்து ஆரம்பமாகிறது.